வாய் திறந்து தூங்கும் கண்டக்டர்

அன்பு மகள் சிட்டுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அம்மாவுக்கு முட்டிவலி அறவே போய்விட்டது, இப்போது கைப்பிடியைத் தொடாமலே மாடிப்படி ஏறுகிறாள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும், இவ்வளவு நடந்த பிறகும் அதைத்தான் முதலில் எழுத வருகிறது. போனில் பேசினால் குரல் உயர்ந்துவிடும், அதனால்தான் கடிதம்.

இரண்டு வாரம் முன்னால் முடிவெட்டப் போயிருந்தேன். கடைக்காரர் பேப்பரை நீட்டி, "கண்டக்டர் சார், உங்க தூக்கத்த யாரோ பெரிய ஆளு வாங்கியிருக்காரு பாருங்க" என்றார். பார்த்தால் அம்மா வரைந்த படம், ஷிப்டு முடிந்து வந்து தோல்பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறேனே அதே படம், பக்கத்தில் சிமெண்ட் ஆலை முதலாளி ஒருவர் சிரித்தபடி நிற்கிறார். அசலைச் சில மாதம் முன்னாலேயே வாங்கிவிட்டாராம். விலையைப் படித்துவிட்டு எனக்கும் சிரிப்பு வந்தது. நீ அதைப் போனில் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியபின் காலண்டர், காபிக் கோப்பை, தலையணை உறை என்று எதில்தான் நான் தூங்கவில்லை, டிக்கெட் வாங்காமல் இறங்கி ஓடியவன்கூட என்னைச் சுவரில் மாட்டியிருக்கிறான். அப்படி ஒரு காப்பியை யாரோ முதலாளி தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்து, "அசலு என் வீட்டு ஹால்ல இருக்குய்யா" என்று கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ஹால் சுவரிலிருந்து படத்தைக் கழற்றிப் பார்த்தேன். பெட்டிப் பலகையில் வரைந்த படம் அது, பின்னால் ஆணித் துளைகள் இருக்க வேண்டும். வழவழவென்று புது அட்டை இருந்தது. கண்ணாடி போட்டு வருகிறேன் என்று நீ எடுத்துப்போய் இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தாயே, அன்று நான்தான் ஸ்டூலில் ஏறி மாட்டினேன், நேராக இருக்கிறதா என்று கேட்டேன், நீ கீழே நின்று "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்ப்பா" என்றாய்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டே, "அவ ஊருக்குப் போன மறுநாளே எனக்குத் தெரியும்" என்றாள். அசலில் தாடைக்குக் கீழே வண்ணத்தோடு ஒரு பிரஷ் முடி ஒட்டிக்கொண்டு லேசாகத் தூக்கி நிற்குமாம், இதில் அது படுத்துக் கிடக்கிறதாம். எட்டு மாதமாக அவள் மூச்சு விடவில்லை. அதற்கு நடுவில்தான் கடன் வாங்கினேன் என்று சொல்லி நீ அம்மாவின் முட்டி ஆபரேஷனுக்குப் பணம் அனுப்பினாய், அங்கே வீடும் வாங்கினாய். அது எந்தப் பணம் என்று தெரிந்தே, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு பண்ணி வெச்சா" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். என்னிடமாவது சொல்லக்கூடாதா என்றேன். "கேட்டிருந்தா குடுத்திருப்பேன். குடுக்கமாட்டேன்னு நெனச்சிட்டா பாருங்க" என்றாள், மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. அசலை ஒரு தடவை பார்த்துவிட்டாவது வருவோம் என்று இரண்டு பஸ் மாறி அந்த முதலாளியின் ஆபீசுக்குப் போனேன். வரவேற்பறையில் மாட்டியிருந்தது. கிட்டே போய்க் கழுத்தை நீட்டி அந்த முடியைத் தேடினேன். மேனேஜர் வந்து, "இதுவும் காப்பிதாங்க. அசல பூட்டி வெச்சிருக்கோம், வெளிச்சம் பட்டா மதிப்பு கொறஞ்சிரும்" என்றார். பேப்பர்காரர்கள் வந்த அன்று ஒரே ஒரு தடவைதான் முதலாளியே அதைப் பார்த்தாராம். உன் அம்மா சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் நடுவே நேரம் திருடி வரைந்ததை இனி யாருமே பார்க்கப் போவதில்லை, நாம் விற்றது அதற்குத்தான்.

அம்மா மறுபடி வரைய ஆரம்பித்திருக்கிறாள். சின்னப் படம், நம் சமையலறை ஜன்னல். போன ஞாயிறு நீ அடுத்த மாதம் வருவதாகப் போனில் சொன்னாய் அல்லவா, போனை வைத்ததும் அந்தப் படத்தைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தாள், எங்கேயோ கிடந்த சாவியைத் தேடி எடுத்துப் பூட்டினாள். நீ பிறந்ததிலிருந்து அந்த பீரோவை நாங்கள் பூட்டியதில்லை.

வா. அவள் எதுவும் கேட்கமாட்டாள், சாப்பிட்டியா என்றுதான் கேட்பாள், அதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நீயாகச் சொல். வேளை தவறாமல் சாப்பிடு. நீயும் மாப்பிள்ளையும் நீண்டகாலம் நல்லபடி வாழவேண்டும், இதை மனசாரத்தான் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறேன், அவளிடம் காட்டிக்கொள்ளாதே.

உன் அப்பா