எங்கள் நாலு பேருக்கு மட்டும் பேப்பர் தட்டு

புதன்கிழமை, பௌர்ணமிக்கு முந்தின இரவு.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

இன்று காலை பிரேயரில் விளையாட்டு வரலாறு பற்றிப் பேசினேன். அம்மா வேலை செய்யும் விடுதியில் தங்கியிருக்கும் டோரத்தி ஆன்ட்டி சொன்னதைத்தான் பேசினேன். அவர் கறுப்பின அமெரிக்கர். அவருடைய அப்பா, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். அவருடைய அணி ஜெயித்த கோப்பைகளில் பாதி கறுப்பு வீரர்களால் வந்தவையாம். ஆனால் வெளியூருக்குப் போனால் வெள்ளை வீரர்கள் மட்டும்தான் ஓட்டலில் தங்குவார்களாம். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் கபடி டீம் ஜெயித்தால் ஸ்கூல் கமிட்டித் தலைவர் வீட்டில் விருந்து நடக்கும். உள்ளே எல்லோருக்கும் வாழை இலை. காலனியிலிருந்து வரும் எங்கள் நாலு பேருக்கு மட்டும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் பேப்பர் தட்டு. அதையும் சொல்லிவிட்டேன். ஒருவரும் கைதட்டவில்லை.

பி.டி. மிஸ் தனியாகக் கூப்பிட்டார்.

"அமெரிக்கா கதைய அமெரிக்காவோட விட வேண்டியதுதானே? நாளைக்கு தலைவர் கால்ல விழுந்து மன்னிப்பு கேளு. இல்லன்னா ஜெர்சிய குடுத்துட்டுப் போங்க, நாலு பேரும்."

எங்கள் நாலு பேரில் செல்வியும் ஒருத்தி. ஸ்கூல் விட்டு வரும்போது, வீட்டுக்குப் பிரியும் இடத்தில் சொன்னாள்.

"எனக்கு பேப்பர் தட்டே போதும்டி. போய் விழு."

சாயங்காலம் ஆன்ட்டியிடம், அவர் அப்பா அப்போது என்ன செய்தார் என்று கேட்டேன். ஒன்றும் பேசாமல் ஆடினார் என்றார்.

ஜெர்சியைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். திருப்பிக் கொடுக்கவா, போட்டுக்கொண்டு போய் விழவா, தெரியவில்லை. இப்போது தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. காயாமலே இருக்கட்டும்.