மாட்டிறைச்சிக்குச் சேரும் வைன்

வெள்ளிக்கிழமை.

இன்று என்னைப் பெண் பார்க்க வந்தவருக்குத் துபாயில் ஹோட்டல் வேலையாம். உம்மா சமைத்த மாட்டிறைச்சிக் கறியில் ஒரு வாய் வைத்தார். உடனே சிவப்பு வைனைப் பற்றிப் பேச்சு. கபர்னே, மெர்லோ என்று இரண்டு திராட்சைகளைக் கலப்பார்களாம். ஒன்றின் துவர்ப்பை மற்றது தணிக்குமாம்.

“சுட்ட இறைச்சிக்குத்தான் அது சேரும். இந்த உறைப்புக்குச் சரிவராது,” என்றார்.

வாப்பா நிமிர்ந்தார். “நீங்க குடிக்கிறீங்களா மகன்?”

“சீச்சீ, இல்ல மாமா. சும்மா அறிவுக்குத்தான்.”

நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டே சொன்னார். ஓம், குடிப்பேன் என்றிருந்தால்கூட ஒரு மனிதன் என்று மதித்திருப்பேன்.

அவர்கள் போனதும், சம்மதமா என்று வாப்பா கேட்டார். “எனக்கு ஏலா,” என்றேன்.

“இதையும் தட்டினா இனி ஆரு புள்ள வருவான்?” என்றார் உம்மா.

வராவிட்டால் வராமல் போகட்டும்.