கழிக்காத வெளிச்சம்

நேற்று மாத்தளையில் உன் வாப்பாவின் கருவாட்டுக் கடைக்குப் போனேன். நான் நீட்டிய நோட்டு கள்ளநோட்டா என்று பார்க்க அவர் ஊதா டோர்ச்சை எடுத்தார். கருவாட்டு வாடையும் ஊதா வெளிச்சமும் சேர்ந்ததும் நீ என் கண்முன் வந்து நின்றுவிட்டாய். கம்பஸ் ஆய்வுகூடத்தில் நீ பெரோவ்ஸ்கைட் புள்ளிகள், அந்த ஒளிரும் நுண்படிகங்கள், காய்ச்சிய எண்ணெய்க்கும் இதே மீன் நாற்றம்தான். "கருவாட்டுக்குப் பயந்து படிக்கப் போனேன் மச்சான், அது அங்கயும் வந்து உக்காந்திருச்சு" என்பாய்.

ஒரு பெருநாள் லீவில் அந்தப் புள்ளிகளைக் குப்பியில் கொண்டுவந்து, இதே டோர்ச்சை அடித்துக் காட்டினாய். குப்பி பச்சையாய் எரிந்தது. "இத யாரு மகன் வாங்குவாங்க?" என்றார் வாப்பா. "ஒத்தப் புள்ளியத் தனியாப் புடிச்சா, ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஒளித்துகள்தான் வெளிய வரும் வாப்பா. ரகசியம் அனுப்புறவங்க வாங்குவாங்க" என்றாய். அவர் நம்பாமல் தலையாட்டினார்.

ஒன்றுதான் வருகிறது என்று காட்டுவதில்தான் உன் ஆயுள் போயிற்று. வெளிச்சத்தை இரண்டு பாதையாகப் பிரித்து, இரண்டு முனையிலும் உணரி வைப்பாய். ஒற்றைத் துகள் இரண்டு பக்கமும் போகாது. இரண்டு உணரியும் ஒரே கணத்தில் துடித்தால் வந்தது ஒன்றல்ல. துடிக்காவிட்டால் வரைபின் நடுவில் பள்ளம் தரையைத் தொடும். உன் பள்ளம் பாதியிலேயே நின்றது. பக்கத்தில் இன்னொரு புள்ளி ஒட்டிக் கிடந்ததோ, புள்ளியை வைத்த கண்ணாடியே மின்னியதோ, உனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாய்.

நம் பேராசிரியருக்குத் தெரியாதது ஏது? அந்த எண்ணெய் ஒரு நாளும் படாத சுத்தமான கை அவருடையது. "பின்னணி வெளிச்சம்னு கொஞ்சம் கழிச்சு விடுங்க தம்பி" என்றார்.

"எவ்வளவு கழிக்கணும் சேர்?"

"பள்ளம் இறங்குற வரைக்கும்."

சிரிக்காமல் சொன்னார். நீ கழிக்கவில்லை. அதன்பிறகு அவருடைய உணரிகள் உனக்கு மட்டும் எப்போதும் பழுதாகவே இருந்தன. வேலை பாதியில் நிற்க, காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோயிற்று.

இப்போது அவர் உனக்கு நினைவுப் பேருரை நடத்துகிறார். அழைப்பிதழில் உன் முகம். பக்கத்தில் உன் வரைபு, பள்ளம் தரையைத் தொட. கட்டுரையாகவும் வரப்போகிறதாம், உன்னோடு வேலை செய்தவன் என்று நானும் கையெழுத்துப் போட வேண்டுமாம். "அவருக்கு நாம செய்ற மரியாதை" என்று போனில் குழைந்தார். எதிர்த்துப் பேசாத மாணவனாக நீ கடைசியில் அவருக்குக் கிடைத்துவிட்டாய். முடியாது என்று போனை வைத்தேன்.

அதே அழைப்பிதழை வாப்பா கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பள்ளத்தைத் தொட்டுக் காட்டுகிறார், "எம்புள்ள கண்டுபுடிச்சது" என்று. அந்தச் சந்தோஷத்தில் கை வைக்க எனக்கு மனமில்லை. ஆனால் உன் பெயரில் பொய் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவர் அழைப்பிதழைச் சுவரிலிருந்து பிரித்து எடுத்தார். "அவன் செஞ்சது எது மகன்?" என்றார். போனில் இருந்த உன் உண்மையான வரைபைக் காட்டினேன். பாதியில் நிற்கும் பள்ளத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இத அடிச்சுக் கொண்டு வாங்க. ஒட்டணும்."

பிறகு அழைப்பிதழிலிருந்து கத்திரியால் உன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மிச்சத்தில் என் கருவாட்டைச் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் அலுவிகாரை தாண்டும்வரை அது என் மடியில் நாறிக்கொண்டே வந்தது. பேராசிரியரின் பள்ளத்தில் எண்ணெய் ஊறியிருந்தது.