கத்தாரில் தோற்ற மறுநாள் காலை

அண்ணா,

பக்கத்துத் தோட்டத்தில் விடிந்ததிலிருந்து தண்ணீருக்குப் போர் போடுகிறார்கள். ரிக் வண்டிச் சத்தத்தில் வீட்டுச் சட்டி பானையெல்லாம் நடுங்குகிறது. கொடியில் காயப்போட்ட சேலை முழுக்க வெள்ளைத் தூள். பாறை பொடிந்து வரும் அந்தத் தூளும் டீசலும் சேர்ந்தால் ஒரு வாசம் வரும். மாசக்கணக்கில் ரிக்கோடு வடக்கே போய்விட்டு நீங்கள் வீடு திரும்பும்போது சட்டையில் அதுதான் அடிக்கும். இன்றைக்கு அது மூக்கில் ஏறியதும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். நாலாவதோடு நின்றவள் எழுத்து எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்களிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். அதற்கு முன் அந்த ஆஸ்பத்திரிக் காலையைப் பேசி முடிக்க வேண்டும். ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசிவிட்டார்கள். அத்தை வாயைத் திறந்ததால்தான் அப்பா போனார் என்று உங்கள் மகனே சொன்னான்.

உங்களுக்குக் கால்பந்துக் கிறுக்கு பிடித்தது வங்காளத்தில். மழைக்காலத்தில் ரிக் சேற்றில் புதைந்து நிற்க, அந்த ஊர்க்காரர்களோடு டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பிடித்தது. நம் பக்கம் கிரிக்கெட்டைத் தவிர எவனுக்கும் எதுவும் தெரியாது. அதனால் கேட்க நான்தான் கிடைத்தேன். எடப்பாடியில் எங்கள் பட்டறையில், தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொல்வீர்கள்.

“அம்மிணி, ஒரே ஒரு தரம் நமக்கு உலகக் கோப்பைக்கு எடம் கெடைச்சுது. மோத வேண்டியவங்க எல்லாம் வெலகிக்கிட்டாங்க. சும்மா வந்த எடம். நாம போகல.”

“ஏனுங்ணா போகல?”

“காலுல பூட்சு இல்லாததால ஆட உடலைன்னு ஒரு கதை கட்டி உட்டாங்க. கப்பல்ல போனா ரொம்ப நாளாகும்ன்னாங்க. நாலு பேரு நாலு சொல்றாங்க. போகலைங்கறது மட்டுந்தான் நெசம்.”

அந்த முடிவை எடுத்தவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு அவர்கள் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அதற்கப்புறம் பல வருஷம் தகுதிச் சுற்று ஆடவே போகவில்லை என்றீர்கள். போகத் தொடங்கிய பிறகும் ஒவ்வொரு தரமும் பாதி வழியிலேயே திரும்பினார்கள். ஆசியக் கோப்பைக்காவது எப்போதாவது வழி கிடைத்தது. ஒரு தரம் இரண்டாமிடம் வந்தார்கள், பிறகு நெடுங்காலம் அந்த வாசலைப் பார்க்கவில்லை, பிறகு மறுபடி போனார்கள். இதையெல்லாம் சொல்லும்போது நீங்கள் தோல்வியைப் பூசி மெழுகியதே இல்லை. நன்றாக ஆடித் தோற்றோம் என்று நான் ஆறுதல் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. “தோத்தமா இல்லியா, அதைச் சொல்லு” என்பீர்கள்.

ரிக்கிலும் அப்படித்தான் இருந்தீர்கள். ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இறக்க இறக்கப் புகைதான் வந்தது. ஈரமே காட்டாமல் வெறும் தூள் பறப்பதை ரிக்காரர்கள் புகை என்றுதானே சொல்வீர்கள். தோட்டத்துக்கார அம்மா கற்பூரத் தட்டை வைத்துக்கொண்டு குழியையே பார்த்தபடி நிற்கிறாள். பேசாமல் இறக்கு என்று ரிக் முதலாளி கண்ணைக் காட்டினார். நீங்கள் இன்ஜினை நிறுத்திவிட்டு அவளிடம் நடந்து போய், “புகைதானுங்க வருது. இனி எறக்குனாலும் புகைதானுங்க” என்று சொல்லிவிட்டீர்கள். முதலாளி அந்த இடத்திலேயே உங்களை வேலையைவிட்டு அனுப்பினார். திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவில் அவரைக் கண்டால் நான் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறேன். நீங்கள் அவரைத் திட்டக்கூட இல்லை. “பாத்துட்டிருக்கற நானே சொல்லலைன்னா அந்தம்மாவுக்கு ஆரு சொல்லுவா?” என்று மட்டும் கேட்டீர்கள்.

உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் குவைத்துக்கே போய் ஜெயித்த அன்று நீங்கள் போனில் பேசிய குரல் எனக்கு மறக்காது. வயசு பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது. அப்புறம் சொந்த மண்ணில் ஆப்கானிஸ்தானிடம் தோற்றார்கள். அப்புறம் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தோம். கத்தாரோடு கடைசி ஆட்டம் நெருங்கியபோது நீங்கள் ஒயர்களுக்கு நடுவில் கிடந்தீர்கள். ஜெயித்தால் நம்மவர்கள் அதுவரை கால் வைக்காத அடுத்த சுற்றுக்குப் போகலாம். தோற்றால் அவ்வளவுதான். டாக்டர் எந்த அதிர்ச்சியும் ஆகாது என்று சொல்லியிருந்தார். உங்கள் போனையும் மகன் வாங்கி வைத்துவிட்டான்.

மறுநாள் காலை என் பேத்தி அவள் போனில் ஆட்டத்தைக் காட்டினாள். அந்த இரண்டாம் பாதியை மறுபடி மறுபடி போடச் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் சேலம் பஸ் ஏறினேன். உங்களிடம் என்ன சொல்வது என்று வழி நெடுக யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை.

வார்டு வாசலில் உங்கள் மகன் காத்துக்கொண்டு நின்றான்.

“அத்தை, அப்பாகிட்ட ஜெயிச்சுட்டம்ன்னு சொல்லியாச்சு. நர்சு புள்ளைகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். நீங்க உள்ள போயித் தலைய மட்டும் ஆட்டுங்க.”

“எதுக்குடா சாமி?”

“எதுக்குங்கறீங்க? டாக்டரு சொன்னது உங்களுக்குக் காதுல உழுகலையா? ஒரு பந்தாட்டத்துக்கோசரம் எங்கப்பனை நான் பறிகுடுக்கணுமா?”

“நாளைக்கே அவருக்குத் தெரியாமயா போயிரும்?”

“நாளைக்கி இருந்தாருன்னா பாத்துக்கலாங்க.”

“உங்கப்பன் கல்யாணத்துல தங்கச்சியாப் பக்கத்துல நின்னு இணைச்சீர் செஞ்சவடா நானு. பொய் சொல்றதுக்குன்னு என்னை உள்ள அனுப்பாத.”

“அப்ப நீங்க உள்ளயே போக வேண்டாம்.”

சொல்லிவிட்டுக் கதவு நிலையில் குறுக்கே கையை வைத்தான். அண்ணா, உங்களைப் பார்க்க வந்த என்னைத் தடுத்து வைத்த கை அது. அவன் உதடு நடுங்கியதையும் பார்த்தேன். இரண்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த நேரம் நர்சுப் பெண் எட்டிப் பார்த்து, “எடப்பாடி அம்மா வந்தாச்சான்னு தாத்தா கேட்டுட்டே இருக்காருங்க” என்றாள். கையை எடுத்தான். “உங்க காலுல உழுகறேன் அத்தை” என்று காதோரம் சொல்லிவிட்டு என் பின்னாலேயே உள்ளே வந்தான்.

தலைமாட்டில் நெஞ்சுத் துடிப்பைக் காட்டும் மெஷின் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. நீங்கள் கண்ணைத் திறந்தே வைத்திருந்தீர்கள்.

“வா அம்மிணி. தின்னியா?”

“ஆச்சுங்ணா.”

“ஜெயிச்சுட்டமாமே. ரெண்டுக்கு ஒண்ணாமே.”

உங்கள் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை.

“மொத கோலு நாம போட்டமா?”

“ஆமாங்ணா. நாமதான் போட்டம்.”

அதுவரைக்கும் உண்மைதான். பின்னால் உங்கள் மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ரெண்டாவது ஆரு போட்டா?”

நம்மாளுங்கதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கீச்சுச் சத்தம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இல்லையென்று சொல்லி அது நின்றுபோனால் நான் எந்த முகத்தோடு வெளியே போவது? உங்கள் கை படுக்கையில் மல்லாந்து கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

“தோத்துட்டமுங்ணா.”

மெஷின் படபடவென்று அடித்தது. “அத்தை” என்று பல்லைக் கடித்தவன் நர்சைக் கூப்பிட ஓடினான். நீங்கள் மட்டும் அசையவில்லை.

“சொல்லு.”

“பந்து கோட்டைத் தாண்டி வெளிய போயிருச்சுங்ணா. நம்ம பசங்க நின்னுட்டாங்க. கத்தாருக்காரன் காலால உள்ள இழுத்துக் குடுத்தான், இன்னொருத்தன் தட்டி உட்டான், நடுவரு கோலுன்னுட்டாரு. என் ரெண்டு கண்ணால பாத்தனுங்ணா, நல்லா வெளியதான். அதுக்கப்பறம் நம்ம பசங்க சோந்து போயி இன்னொண்ணு வாங்கிட்டாங்க.”

மருந்து கொடுப்பது போலத்தான் அதைச் சொன்னேன். ஏமாற்றப்பட்டோம் என்றால் உங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். மகனோடு நர்சு வந்து ஏதோ ஊசி மருந்தைக் குழாயில் ஏற்றினாள். சத்தம் மெல்ல மெல்லப் பழையபடி ஆனது.

“அதை உடு. ஊட்டுக்குள்ள வெச்சு ஆப்கானிஸ்தானத்துக்காரங்கிட்டத் தோத்தமே, அதுல எந்தப் பந்து வெளிய போச்சு?”

மகனைப் பார்த்துத் தலையைச் சாய்த்தீர்கள்.

“காத்தால இவன் வந்து சொன்னப்பவே தெரியும். ஜெயிச்சவன் மூஞ்சியா அது? ஒரே புகை.”

“தெரிஞ்சு வெச்சுட்டு எதுக்குங்ணா என்னைக் கேட்டீங்க?”

“ஆராச்சும் சொல்றீங்களான்னு பாத்தேன்.”

அந்த வாரம் கடக்கவில்லை, நீங்கள் போய்விட்டீர்கள். இருதயம் ஏற்கெனவே நைந்து போயிருந்தது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். உங்கள் மகன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரியத்துக்குப் போன என்னை வாங்க என்று கேட்கவில்லை. அவன் வீட்டு விசேஷத்துக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை. நானும் அந்தக் குறுக்கே வைத்த கையை மன்னிக்கவில்லை. சோறு பிசையும்போது சில நாள் என் கை நின்றுவிடும். சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு வாரம் இருந்திருப்பீர்களோ என்று தோன்றும். அப்புறம் நீங்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தது நினைவுக்கு வரும். மறுபடி அந்தப் படுக்கையருகே என்னை உட்கார வைத்தாலும் அதையேதான் சொல்வேன், அண்ணா.

இப்போது சேதி. ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கோவாவில் ஆட்டம் நடந்தது. பேத்தி வெளியூரில் படிக்கிறாள், எனக்குப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. பட்டறையை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்ட நேரத்தில் போன் அடித்தது. நீங்கள் இருந்தவரை பந்தாட்டம் என்றால் முகத்தைச் சுளித்தவன், உங்கள் மகன், பேசினான்.

“அத்தை.”

குரல் தெரிந்ததும் வாசல்படியில் உட்கார்ந்தேன்.

“சிங்கப்பூருகிட்டத் தோத்துட்டமுங்க. மொத கோலு நாமதான் போட்டம். அப்பறம் ரெண்டு வாங்கிட்டம். ஆசியக் கோப்பைக்கும் இந்தத் தடவை போக முடியாது. யாரையும் குத்தஞ் சொல்றதுக்கில்லீங்க அத்தை. நாமளாத்தான் தோத்தம்.”

அந்தப் பக்கம் அவன் மூச்சுவிடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. போனை வைக்க எனக்கு மனசு வரவில்லை.