சம்பங்கியின் பித்தளைப் பில்லை

பிப்ரவரி 2
வாணி மறுபடி போன் பண்ணினாள். திலீப்பைத்தான் கட்டிக்கொள்வாளாம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து பார் என்கிறாள். உடுப்பிக்கு நர்ஸ் வேலைக்கு அனுப்பினால் மீன் பிடிக்கிற பையனைப் பிடித்து வைத்திருக்கிறாள். இவருக்கு ஒரே பிடிவாதம். “கடலுக்குப் போறவன் திரும்பி வருவான்னு இன்னா நிச்சயம்?”

கேட்கிறவர் யார்? பதிமூன்று வருஷம் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கினவர்.

பிப்ரவரி 7
பங்காருபேட்டையில் ரயில் ஏறியாச்சு. என் வீட்டுக்காரர் சம்பங்கி துரைக்குப் புதுச் சட்டை, பாக்கெட்டில் பழைய பித்தளைப் பில்லை. ஷிப்டுக்கு இறங்கும்போது அதை ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள், மேலே வந்ததும் எடுத்துக்கொள்வார்கள். ஆணியிலேயே இருந்தால் ஆள் இன்னும் கீழே. சுரங்கம் மூடின அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தவர்தான், இன்னும் விடவில்லை.

பிப்ரவரி 8
உடுப்பிப் பக்கம் கடலோரச் சின்ன ஊர். வலை, நாய், கருவாட்டு வாசம். திலீப் வீட்டு மீன் குழம்பை ரெண்டு தரம் கேட்டு வாங்கினார். முகம் மட்டும் உம்மென்று.

பிப்ரவரி 9
திலீப் தன் படகிலேயே தீவுக்குக் கூட்டிப்போனான், அவன் சொந்தக்காரர்களோடு எல்லோருமாகப் பதினோரு பேர். தீவு முழுக்கத் தூண் தூணாகக் கறுப்புக் கல். கோடிக்கணக்கான வருஷத்துக் கல்லாம். இவர் விடுவாரா? சுரங்கத்தில் கல் விழுமா என்று பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். மேலே வெறும் ஆகாசம், எது விழப்போகிறது? “இது கெட்டி, உக்காருங்க” என்று சொல்லும்வரை சம்பந்தி வீட்டார் நின்றார்கள்.

திரும்பும்போது என் செருப்பு அறுந்தது. பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். எல்லோரும் படகில் ஏறிவிட்டார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. கல்லைத் தட்டிப் பார்த்தவருக்குக் கட்டினவள் இல்லாதது தெரியவில்லை! திலீப்தான் எண்ணியிருக்கிறான். பத்து. மறுபடி எண்ணிவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கித் தேடி வந்தான்.

எப்பவும் இப்படி எண்ணுவாயா என்று இவர் கன்னடத்தில் கேட்டார். ஆள் குறைந்தால் படகை எடுக்க மாட்டோம் என்றான்.

கரைக்கு வந்ததும் பில்லையை வாணி கையில் வைத்தார். “கடலுக்குப் போறப்ப அவரை இத ஆணியில மாட்டிட்டுப் போகச் சொல்லு. வந்து எடுத்துக்கட்டும்.”

காலைவரை ‘அவன்’. இப்போது ‘அவர்’. வாணி அழுதேவிட்டாள். நானும்தான்.

செப்டம்பர் 3
கல்யாணமாகி நாலு மாசம். காலையிலிருந்து அங்கே பெருங்காற்றாம், திலீப் கடலில். இவர் சோற்றைத் தொடவில்லை. நாலு மணிக்கு வாணி போன். “அப்பா, அவரு வந்து பில்லைய எடுத்துக்கிட்டாரு.”

இவருக்குச் சோறு போட்டேன். பதிமூன்று வருஷம் நீங்கள் மேலே வரும்வரை நானும் இப்படித்தான் பட்டினி கிடந்தேன் என்று இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

இவர் எழுந்துபோய் எனக்கும் ஒரு தட்டு எடுத்துவந்தார்.