சினிமாவில் பிழைத்தவள்

3.11.78
மழை. துணி எதுவும் காயவில்லை. இவர் சினிமாக் கம்பெனிக்கு மூன்றாவது கடிதமும் போட்டுவிட்டார். எங்கள் மகள் சின்னப்பாப்பாவின் கதை, நாற்பது வாரம் பத்திரிகையில் சித்திரக்கதையாக வந்தது. கடைகளுக்குப் போர்டு எழுதிய நேரம் போக இவர் வரைந்தார். வசனமெல்லாம் என் கையெழுத்து. மூலப் படங்களையும், வாராவாரம் வெட்டி பைண்டு செய்து வைத்திருந்ததையும் சினிமா எடுக்கக் கதை கேட்டு வந்த கம்பெனி மேனேஜர் சேர்த்தே வாங்கிக்கொண்டு போனார். "பத்திரமா வந்துடும்மா" என்றார். நான் பை வேறு கொடுத்து அனுப்பினேன். என்னைச் சொல்ல வேண்டும்.

பத்திரிகையும் நின்றுபோயிற்று. இருந்த ஐந்து வருஷமும் பிள்ளையை ஒரு போட்டோ எடுத்ததில்லை. அவள் முகம் அந்தத் தாள்களில்தான் இருக்கிறது.

19.11.78
பதில் இல்லை.

26.1.79
எங்கள் கதையை எடுத்த சினிமா இன்று நம் ஊருக்கு வந்துவிட்டது. நான் போகவில்லை. இவர் போய்வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "பாப்பா சாவல, வேணி. பொழைச்சி வந்துட்டா" என்றார்.

மாசி மகத்துக் கூட்டத்தில், வைத்திக்குப்பம் கடற்கரையில், என் கையை விட்டுப் போனாள். மூன்றாம் நாள் பிள்ளைச்சாவடியில் கரை ஒதுங்கினாள். கதையின் கடைசி வாரத்துக்கு இவர் எட்டுக் கட்டம் வரைந்தார். எட்டிலும் வெறும் கடல். நான் எழுத ஒரு சொல்லும் இல்லை. சினிமாவில் மீனவர்கள் உயிரோடு கொண்டுவந்து கொடுக்கிறார்களாம். அம்மாக்காரி கட்டிக்கொண்டு பாடுகிறாளாம். பாட்டா? அன்றைக்கு எனக்குத் தொண்டையே திறக்கலியே, பாவிங்களா!

2.2.79
இவருக்குத் தினமும் மேட்னி ஷோ. சாமிக்கண்ணு வந்து, பாதியில் நிற்கும் தன் கடை போர்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"ஏங்க, அது நம்ம பொண்ணு இல்ல. எவ பெத்ததோ."

"தெரியும். ஆனா ஓடி வர்றா, வேணி. அதை மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."



9.2.79
இன்று நானும் போனேன். குறை சொல்லிச் சண்டை போடத்தான் போனேன். நமக்கு முதலியார்பேட்டையில் ஒற்றை அறை, அங்கே மாடி வீடு. பிள்ளை பவுடர் அப்பிக்கொண்டு மெட்ராஸ் பேச்சு பேசுகிறாள். கையை விட்டவள் நான்தான் என்று கதையில் என் கையாலேயே எழுதியிருந்தேன். அங்கே எவனோ ஒரு வில்லன் கடத்திக்கொண்டு போகிறான். அம்மாக்காரி மேல் ஒரு குற்றமும் இல்லை—

கடைசியில் அவள் மணலில் ஓடி வந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் "உக்காரும்மா" என்று கத்தினார்கள்.

10.2.79
போனேன்.

11.2.79
போனேன். இவரும் நானும் சேர்ந்தே நடந்து வந்தோம்.

2.3.79
படம் மாறிவிட்டது. வேறு ஏதோ போட்டிருக்கிறான்.

18.6.79
கம்பெனியிலிருந்து கார்டு. மூலப் படங்கள் எங்கோ தவறிவிட்டனவாம், வருந்துகிறார்களாம். கிழித்துப் போட்டேன். இவர் வரைகிற தாளை எடுத்து வைத்தார். "நீ சொல்லு, நான் போடறேன்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நெற்றியைக் குறைங்க. கண்ணு இன்னும் பெருசு. கன்னம் இப்பிடி இல்ல, உப்பலா. நாலு தாள் வீணாயிற்று. ஐந்தாவதில் "வந்துட்டா" என்றார். எனக்கும் அவள்தான் என்று பட்டது. இருவரும் அழுதோம். எத்தனையோ நாளைக்குப் பிறகு சோறு ருசித்தது.

19.6.79
பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள் முறம் கேட்டு வந்தாள். சின்னப்பாப்பாவை இடுப்பில் வைத்து வளர்த்தவள். சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள்.

"அட, சினிமாவுல வந்துச்சே, அந்தப் பொண்ணா? அப்பிடியே உரிச்சி வெச்சிருக்காரே!"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கே இல்லை என்று காட்டுவது? கண்ணை மூடி என் பிள்ளையைத் தேடினேன். நெற்றி, மூக்கு, பல் என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். மணலில் ஓடிவரும் அந்தப் பிள்ளைதான் வந்தாள்.

செல்வாம்பாள் முறத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமாண்டி, அந்தப் பொண்ணுதான்" என்றேன்.