புகையில்லாத புதன்கிழமை

என் கணவருக்கு,

புகையால் யாருக்கும் கேடில்லை என்று மின்சார நிலையப் பொறியியலாளராக நீங்கள் கையெழுத்திட்ட அறிக்கையின் பிரதியை உங்கள் மேசையில் வாசித்தேன். நீங்கள் கொழும்பிலிருந்து வரும்வரை பொறுக்க முடியாததால் எழுதுகிறேன்.

புகையை அளக்க அரசாங்கப் பரிசோதகர் வந்த புதன்கிழமை மட்டும் பாதிக் கொதிகலன்களை அணைத்து, மீதிக்கு நல்ல நிலக்கரி போடச் சொன்னவர் நீங்கள். அன்று கொடியில் காய்ந்த சீலை வெள்ளையாகவே இருந்தது. வியாழனன்று மறுபடி கரி படிந்தது. அந்த நிலையம் தரும் மின்விளக்கு வெளிச்சத்தில் நானும் வாசித்தவள்தான். அதனால் இதுவரை வாய் திறக்கவில்லை.

நேற்று பாப்பம்மா வந்தாள். அவள் புருஷன் உங்களிடம் கரி அள்ளுகிறவன். நிலையத்துக்குப் பின்னால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அவர்களுடைய குழந்தை மூச்சுவிடத் திணறுகிறது.

"உங்க பாப்பாவ எங்கம்மா காணோம்?" என்று கேட்டாள்.

இருமல் அடங்கட்டும் என்று நம் மகளை நீங்கள் மலைநாட்டுக் கடுகண்ணாவைக்கு, அக்கா வீட்டுக்கு அனுப்பியதைச் சொன்னேன்.

"அங்க காத்து நல்லாருக்கும்," என்றாள். "அப்ப ஐயாவுக்குத் தெரிஞ்சிருக்கு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பரிசோதகருக்கு இன்று எழுதுகிறேன். நம் மகளை நீங்கள் ரயிலேற்றிய தேதியையும் அறிக்கையில் கையெழுத்திட்ட தேதியையும் மட்டும் எழுதுவேன். இரண்டும் ஒரே நாள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாய்